திருப்பிட்டேன்க்கா, திருப்பி வெக்கல

செல்வி அக்கா போயிடுச்சு.

பதினோரு மணிக்கு நல்ல சேதி சொல்லலாம்னு அக்காவுக்கு போன் போட்டேன். பையன் எடுத்தான். "அம்மா விடிகாலைல நெஞ்சு வலின்னு..."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட்ல, அக்கா ஊருக்குப் போற கச்சிராயபாளையம் பஸ்ல உக்காந்துக்கினு டைப் பண்றேன். டீ குடிக்கப் போன டிரைவர் இன்னும் வரல. மூணு மணிக்கு அக்காவ எடுத்துடுவாங்களாம். ரெண்டு தடவ எறங்கி எறங்கி ஏறிட்டேன்...

தெரியாதவங்களுக்கு... நான் மொதல்ல வேலை பாத்த ஜவுளிக்கடைல, பில்லிங் கவுண்டர்ல எனக்குப் பக்கத்து சீட்டு அக்கா. அப்பா எறந்து, பத்தொம்போது வயசுல வூடு மொத்தமும் என் தலைல. ரெண்டாவது மாசமே கரண்ட் கட். பில்லு எப்ப கட்டணும்னு கூட தெரியாது எனக்கு.

கடைல அழுதுக்கினு இருந்தேன். "அழுவறத அப்பறம் அழுவு. வூட்ல இருக்கற சீட்டு, பில்லு எல்லாத்தையும் ஒரு பைல அள்ளிக்கினு வா"ன்னுச்சு.

சாப்பாட்டு டைம்ல பரப்பி வெச்சுப் பாத்தோம். கரண்ட், கேஸ், அம்மாவோட குழு லோன், அப்பாவோட பைக் டியூ. நான் வாசல்ல வந்து கத்தறவங்களுக்குத் தான் மொதல்ல குடுத்துக்கினு இருந்தேன்.

"கத்தறவனுக்கு இல்லடி, எதுல வட்டி ஜாஸ்தியோ அதுக்கு மொதல்ல. பைக்க வித்துடு, நீ பஸ்ல தான வர"ன்னுச்சு. அப்பா பைக்க விக்கறதா... ரெண்டு நாள் அக்கா கிட்ட பேசல. அப்பறம் வித்தேன்.

அந்தப் பைல அம்மா சங்கிலியோட அடகுச் சீட்டும் இருந்துச்சு. கைல இருந்தத எடுத்துக்கினு நானே பேங்குக்குப் போனேன். "வட்டி கட்டிட்டு திருப்பி வெச்சிடலாமா?"ன்னு கேட்டாங்க. பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிட்டு, கடைக்கு ஓடியாந்து, "அக்கா, நகைய திருப்பிட்டேன்!"னேன்.

"கழுத்தக் காட்டு."

காட்டினேன். வேர்வ தான் இருந்துச்சு.

"லூசு... திருப்பினா நகை வரும். திருப்பி வெச்சா புதுச் சீட்டு தான் வரும். மறுபடியும் அடகு வெச்சிட்டு பல்ல காட்டிக்கினு வந்து நிக்கிறியே!" கவுண்டர்ல அத்தன பேரும் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு.

அன்னைல இருந்து மாசா மாசம் சம்பளம் வந்தா அசல்ல கொஞ்சம் கட்டிட்டு ரசீத காட்டணும். நான் வேற கடைக்குப் போன பிறகும் வுடல. போன்ல ஹலோ கெடையாது, "கழுத்து இன்னா ஆச்சு?" தான்.

இன்னிக்கு காலைல அசல் மொத்தமும் கட்டி முடிச்சேன். பேங்க் வாசல்லயே சங்கிலிய மாட்டிக்கினு தான் அக்காவுக்கு போன் போட்டேன்.

நேத்தே திருப்பியிருக்கணும். பேங்க்ல கூட்டமா இருக்குதுன்னு திரும்பி வந்துட்டேன். ஒரு நாள்... ச்சே.

"சாவு வூட்டுக்கு யாராச்சும் புதுசா சங்கிலி மாட்டிக்கினு போவாங்களாடி, கழட்டி பைல வை"ன்னு அம்மா மூணு வாட்டி போன் பண்ணிடுச்சு.

கழட்ட மாட்டேன். அங்க யார் இன்னா வேணா பேசிக்கட்டும்.

டிரைவர் ஏறிட்டார்.

கழுத்துல தான் இருக்குக்கா. வரேன்.