முயல்தோல் வேலை

நேற்று பங்காருபேட்டை சந்தையில் ஒருவன் முயல்தோல் விற்றுக்கொண்டிருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும், இந்த வயதிலும் ஓடலாமா என்று கால் யோசித்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துத் துரை பங்களாவில் நாய் பார்ப்பது அப்பாவின் வேலை. துரையின் நெட்டைக்கால் நாய் காற்றாய் ஓடும். முயல் புதரில் புகுந்தால் திருதிருவென்று முழிக்கும். எங்கள் வீட்டுப் பெட்டை நாய் செவலைக்கு மோப்பம் உண்டு, ஓட்டம் கிடையாது. துரையிடம் கேட்டு அப்பா இரண்டையும் சேர்த்தார். முதல் ஈற்றில் செவலையின் காலும் நெட்டையின் மூக்குமாகக் குட்டிகள் வந்தன.

"இன்னாய்யா, இதுங்க கூழு குடிக்கவா பொறந்துச்சு? அடுத்த ஈத்தும் இப்டினா செவலைய தொரத்திடுவேன்" என்றாள் அம்மா.

"இன்னொரு தபா பாத்துடலாம்" என்றார் அப்பா.

அடுத்த ஈற்றுக் குட்டிகள் வளர்ந்ததும் சோதனை நடந்தது. இடுப்பில் முயல்தோலைக் கட்டிக்கொண்டு ஓடி ஒளிவது என் வேலை. வேறெதற்கும் நான் லாயக்கில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முட்புதருக்குள் படுத்திருந்தேன். கறுப்புக்குட்டி மோந்தபடி நேராக வந்தது. பயந்து ஓடினேன். பத்தடிக்குள் தோலோடு என் பின்புறத்தையும் சேர்த்துக் கவ்வியது.

அப்பா ஓடிவந்து நாயைக் கட்டிக்கொண்டார். "மூக்கும் கீது, காலும் கீதுடி!"

அம்மா என் காயத்தை நன்றாகப் பார்த்தாள். "சரி, செவலை இருக்கட்டும்" என்றாள்.

பல் தடம் இன்னும் இருக்கிறது. நாலு பேருக்குக் காட்டும்படியான இடத்தில்தான் இல்லை.