கமான் பட்டைக்கு ஊற்றிய தண்ணீர்

கோவண்டியில் முகம்மது ஹனீபுக்கு முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு நீல டிரம். குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது வீட்டுக்கும் பட்டறைக்கும் சேர்த்து அதில்தான் பிடித்து வைப்பார்கள்.

லாரிகளின் பாரத்தைத் தாங்கும், வில்லாய் வளைந்த இரும்பு அடுக்கான கமான் பட்டை கட்டுவது அவர் தொழில். படகுச் சவாரி நடத்தும் ஒரு கிளப்பின் டிரெய்லரும் அவரிடம் வரும். படகை மிதக்க விட டிரெய்லரையே கடலுக்குள் இறக்குவார்கள். அன்றே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அடுக்கிய பட்டைகளுக்கு நடுவே உப்பு தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்னும். அலசி, காயவிட்டு, இடுக்குகளில் ஆயில் விட வேண்டும். ஹனீப் இதில் சோம்பியதில்லை. இதைப் பெரிய குணம் என்று நான் சொல்லமாட்டேன். முன்பு வேறு யாரோ பெயின்ட் மட்டும் அடித்து அனுப்பியதில் பட்டை முறிந்து, படகு சரிந்து, அந்த டிரெய்லரின் டிரைவர் செல்வத்தின் கால் நசுங்கியது. அந்தப் பயம் ஹனீபை விடவில்லை.

மனைவி மெஹராஜுக்கு அந்த டிரெய்லர் சக்களத்தி.

"வந்துட்டாவ உங்க ரெண்டாம் பொண்டாட்டி. குளிப்பாட்டுங்க."

"உப்புல கெடந்துட்டு வாரா, பாவம்."

"நான் மட்டும் பன்னீர்லயா கெடக்கேன்?"

செல்வம் ஒரு காலைத் தாங்கி நின்றபடி சிரிப்பார்.

போன மே மாதம் குழாய் வேலை என்று இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த மெஹராஜ் இரண்டாம் நாள் மாலைதான் எழுந்து உட்கார்ந்தார். தலையெல்லாம் பிசுபிசுக்கிறது, குளிக்க வேண்டும் என்றார். குடிக்க வைத்த குடம் போக, டிரம்மின் அடியில் ஒரு வாளிக்குத்தான் தண்ணீர் இருந்தது. மகள் பரீஹா அதை மொண்டு அடுப்பில் வைக்கப் போன நேரத்தில் டிரெய்லர் வந்து நின்றது. விடிந்தால் அது மறுபடி படகேற்றிப் போக வேண்டும்.

ஹனீப் டிரம்மைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நாளைக்குத் தண்ணி வந்துரும் புள்ள. நாளைக்குக் குளி."

"சரி, அவளுக்கே ஊத்துங்க. எனக்கு என்ன, துருவா பிடிச்சிரப் போவுது?"

அன்று அந்தப் பேச்சில் கேலி குறைவாக இருந்தது. ஹனீப் ஒவ்வொரு இடுக்கிலும் சிக்கனமாக ஊற்றி அலசி முடித்தார்.

காலையில் மெஹராஜ் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். குழாயிலும் தண்ணீர் வந்திருக்கவில்லை. மெஹராஜின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் தண்ணீர் கேட்டார்கள். ஹனீப் போய் டிரம்மின் மூடியைத் திறந்து, குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"வாப்பா, அதை மூடுங்க," என்றாள் பரீஹா.

சந்துக்காரர்கள் ஆளுக்கொரு குடமாகவும் வாளியாகவும் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் மெஹராஜைக் குளிப்பாட்டினார்கள். அடக்கம் முடிந்து வந்தபோது குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

டிரெய்லர் ஓட்டும் ஒரு மனுஷன் உயிருக்காக ஊற்றிய தண்ணீர்தானே என்று தேற்றினார்கள். அது உண்மைதான். உண்மை அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அடுத்த வாரம் டிரெய்லர் வந்தது. ஹனீப் தண்ணீர் மொள்ளும் மக்கை டிரம்முக்குள் விட்டார். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

"குடுங்க பாய், நான் ஊத்துறேன்," என்றார் செல்வம்.

"இடுக்குல ஊத்து. அங்கதான் உப்பு நிக்கும்."

செல்வம் ஊற்றி முடித்துத் திரும்பியபோது ஹனீப் உள்ளே போயிருந்தார். டிரம்மில் தண்ணீர் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.