வெர்னா பெல்கியும் கிழக்கு மூலையும்

எங்கள் ஹாக்கெட் ஏரியில் படகு இறக்க வருபவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதலில் வெர்னா பெல்கியிடம் நிற்க வேண்டும். இழுத்து வந்த டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, ஒரு துண்டுக் களை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் அங்கே சமையல், கோடையில் ஏரி. படகுத் துறையில் தூண்டில் புழுவும் பெட்ரோலும் விற்கிற நான் தினமும் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

"கழுவிட்டுத்தாம்மா வந்தேன்" என்பான் வந்தவன்.

"என் புருஷனும் தட்டைக் கழுவிட்டு இப்படித்தான் சொல்வான். தள்ளு, பாக்கறேன்."

அவளுக்கு ஏன் இந்த வெறி என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கிழக்கு மூலையில் தன் வீட்டுப் படகுமேடை ஓரம் நீந்த இடம் வேண்டுமென்று, தோட்டத்து இலைவாரியை எடுத்துக்கொண்டு இறங்கி, இருந்த களையையெல்லாம் வாரித் தள்ளினாள். நம்மூரில் யாரும் செய்வதுதான். ஆனால் அது மில்ஃபாயில். இறகு மாதிரி இலை, எங்கிருந்தோ வந்த சனியன். விரல் நீளத் துண்டு போதும், மிதந்து போய் தங்கின இடத்தில் வேர் விட்டுவிடும். அடுத்த கோடையில் கிழக்கு மூலையில் துடுப்புக்கூடப் போட முடியவில்லை. அரசாங்கம் மிதவை கட்டி மூடிவிட்டது.

யார் வேலை என்று ஒருவருக்கும் தெரியாது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பனி அள்ளும் வண்டி பற்றி அடித்துக்கொண்டு முடித்த பிறகு, வெர்னா எழுந்து நின்றாள்.

"நான்தான் வாரிவிட்டேன். நானே எடுக்கறேன்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

ஐம்பத்தைந்து வயதில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டாள். செடியை வெட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. சேற்றுக்குள் விரலை விட்டு, வேரோடு மெல்லக் கிளப்பி, வலைப்பைக்குள் திணிக்க வேண்டும். ஒவ்வொரு செடியாக. நீங்கள் செய்து பாருங்கள், அரை மணியில் தாயை அழைப்பீர்கள். அவள் கோடை கோடையாகச் செய்தாள்.

ஆகஸ்ட் மாத ஆய்வில் மூன்று வருடம் தொடர்ந்து ஒரு செடிகூட இல்லையென்றால் மூலையைத் திறப்பார்கள். ஒன்று கிடைத்தாலும் கணக்கு முதலிலிருந்து. போன இரண்டு ஆகஸ்டும் சுத்தம். இந்த வருடம் மூன்றாவது.

ஆய்வு நாளன்று பாதி ஊர் மடக்கு நாற்காலியோடு கரையில் உட்கார்ந்திருந்தது. ஷெல்பி என்ற அரசாங்கத்துப் பெண் மூன்று மணி நேரம் மூழ்கி மூழ்கி எழுந்தாள். கடைசியில் ஒரே ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஷெல்பி ஓர் இலையை உள்ளங்கையில் விரித்து எண்ணினாள். இருபுறமும் ஜோடி ஜோடியாகக் கிளைகள். "பதினோரு ஜோடி. பன்னெண்டுக்குக் கீழ. இது இந்த ஏரியோட சொந்தச் செடி. கெட்டதில்ல" என்றாள்.

கரை ஆர்ப்பரித்தது. நான் தொப்பியைக் கழற்றி வீசினேன்.

"கொஞ்சம் குடு" என்றாள் வெர்னா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். "நுனி கிழிஞ்சிருக்கு பாரும்மா. அடுத்த இலைய எண்ணு."

"வெர்னா, வாய மூடு!" என்று கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன்.

"நீ சும்மா இரு ஆர்மண்ட்."

ஷெல்பி அடுத்த இலையை எண்ணினாள். பதினான்கு. அதற்கடுத்ததையும் எண்ணினாள். பதினான்கு.

கெட்டதேதான். வெர்னாவின் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "எங்க கிடைச்சுது, காட்டு. வேர் உள்ள இருக்கும்" என்று முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இருபது நிமிடத்தில் வேரோடு மேலே வந்தாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம். "இன்னும் மூணு வருஷம்டி! அவளே இல்லன்னுட்டா, உனக்கென்ன வந்துது?"

"அது இருந்துதே, ஆர்மண்ட்" என்றாள், தலைமுடியைப் பிழிந்துகொண்டே.

ஷெல்பி சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள். "பன்னெண்டு வருஷமா ஏரி ஏரியாப் போறேன். இல்லவே இல்லன்னு என்கிட்ட சண்டை போட்டவங்களத்தான் பாத்திருக்கேன். இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல."

சற்று முன் வெர்னாவைத் திட்டின அதே வாயால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"இதுல என்ன அதிசயம்? எங்க ஊர் வெர்னா அவ."