மடிக்குக் கை எதற்கு?

புதிதாக என்னிடம் பேச வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு என் இடது காதைப் பார்ப்பார்கள். வலது காதில் துளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இடது காதில் அது மேலே ஏறி, ஓரத்தை ஒட்டிக் கோணலாக நிற்கிறது. எனக்குப் பேச்சு சுலபத்தில் வராது. சின்ன வயதில் குத்தியது என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். முழுவதும் சொல்வதானால் என் மாமாவிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை பார்த்தார். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அந்த மருந்து வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அவரை நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அப்பாவிடம் கேட்டாளா என்று தெரியாது. கேட்டிருக்க மாட்டாள். குளிப்பாட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவள்தான். எனக்கு விவரம் தெரிந்ததும் முதுகு சொறிவது, மூக்கில் உட்காரும் ஈயை விரட்டுவது, சட்டைக்குப் பொத்தான் போடுவது ஆகியவை என் பங்குக்கு வந்தன. ஈ விரட்டுவதில் நான் காட்டிய உற்சாகத்தில் மாமாவின் மூக்கு பலமுறை சிவந்திருக்கிறது.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். எனக்கு மூன்று வயதிலேயே குத்தியிருக்க வேண்டும். ஏழு வயதாகியும் குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை மூளி என்றார்கள். காரணம் பெரியப்பா. அப்பாவின் அண்ணனான அவர், கை இல்லாதவன் மடியில் வைத்து நல்ல காரியம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாத்தூரில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் மடியில் வைக்கலாம் என்பது பெரியப்பாவின் யோசனை.

கணவனின் அண்ணன் முன்னால் நின்று பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பாவிடம் சொல்வதுபோலச் சொல்வாள். நடுவில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒரு வார்த்தையைக்கூட எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது. பெரியப்பாவுக்கு எல்லாம் தெளிவாகவே கேட்கும்.

"பிள்ளை திமிறினா யாரு பிடிக்கிறது? அதுக்குக் கை வேணும்ல?" என்றார் பெரியப்பா.

"ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க" என்றது கதவு. "மடியில உக்காரத் தொடைதான வேணும்? எந்தம்பிக்குத் தொடை ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

மாமாவே அன்று சாயங்காலம் அவளிடம் கெஞ்சினார். "விடுக்கா. சாத்தூர் அண்ணன் மடியிலேயே வையி. நான் வரல. எனக்காகப் பிள்ளையை எம்புட்டு நாளைக்கு மூளியா வச்சிருப்ப?"

"நீ வரலேன்னா காதும் வேண்டாம், கிடா வெட்டும் வேண்டாம். அவன் கெழவனானாலும் மூளியாவே திரியட்டும். வாயைத் தொற" என்று சோற்றை உருட்டி அவர் வாயில் வைத்துவிட்டாள். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கிழவனாகும்வரை மூளியாக இருக்கப்போவது நான் என்பதால் எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் பெரியப்பாதான் இறங்கிவந்தார். பிள்ளை அசையாமல் இருந்தால் சரி, அசைந்தால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு மாதம் முற்றத்தில் எனக்குப் பயிற்சி நடந்தது. மாமா மணையில் உட்காருவார். நான் அவர் மடியில் உட்காருவேன். பெருவிரல் ஒன்றே மிஞ்சிய இரண்டு கைகளையும் என் நெஞ்சின் குறுக்கே போட்டு, தாடையை என் உச்சந்தலையில் வைத்து அவர் அழுத்திக்கொள்வார். தாடையால் பிடிப்பது அம்மா கண்டுபிடித்த வழி. அவள் துடைப்பக் குச்சியால் என் காதைக் குத்துவாள். அசையாமல் இருந்தால் ஒரு துண்டு கருப்பட்டி. அசைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பத்து நாளில் நான் கல்லாகிவிட்டேன். துடைப்பக் குச்சி வலிக்காது என்பது ஒன்றுதான் அதிலிருந்த குறை. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இருக்கன்குடிக் கோயிலுக்கு வண்டி கட்டிப் போனோம். எங்கள் ஊர் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனோம். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் காது அவர் குத்தியது. ஊசி போனதே தெரியாது என்று அவருக்குப் பெயர். ஆற்றில் எனக்கு மொட்டையடித்து, தலை முழுக்கச் சந்தனம் பூசினார்கள். மாமா மடியில் உட்கார்ந்தேன். அவருடைய தாடை குளிர்ந்த சந்தனத்தில் வந்து பதிந்தது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். சாத்தூர்க்காரரும் வந்திருந்தார், தேவைப்பட்டால் உட்காருவதற்குத் தயாராகச் சலவை வேட்டியுடன்.

வலது காதில் ஊசி இறங்கியபோது, இதுவரை நடந்ததெல்லாம் ஏமாற்று என்று புரிந்தது. ஆனாலும் நான் அசையவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். ஆசாரி இடது பக்கம் நகர்ந்து வந்து காதைப் பிடித்தார். எனக்குக் கண் இருட்டியது.

"மாமா, தலை வலிக்கு. தாடையை எடுங்க மாமா" என்று மெதுவாகச் சொன்னேன்.

மாமா எடுத்துவிட்டார். ஒரு மாதமாகப் பழகியதையெல்லாம் மறந்து, நான் கேட்டதும் எடுத்துவிட்டார். எதிரில் நின்ற அம்மா அதைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஊசி இறங்கியது. நான் துள்ளினேன். காதோரம் கிழிந்து, ரத்தம் தோளில் வழிந்தது. குலவை பாதியில் நின்றது.

"அப்பவே சொன்னேம்ல?" என்றார் பெரியப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி. "பிடிக்கக் கை வேணும்னு சொன்னேம்ல? கேட்டீகளா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தாடை முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்கு வழியில்லை.

அம்மா பெரியப்பாவின் எதிரில் வந்து நின்றாள். மறைவதற்கு அங்கே கதவு இல்லை. இருந்திருந்தாலும் அன்று மறைந்திருக்க மாட்டாள்.

"இங்கன பாருங்க மச்சான். ஒங்க தம்பிகிட்டச் சொல்லல, ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன். எந்தம்பி மடி அசையல. கை இல்லாதவன் ஒழுங்காத்தான் உக்காந்திருக்கான். ரெண்டு கையும் முழுசா இருக்கிற ஆசாரிக்குத்தான் கை தவறியிருக்கு. கேக்கிறதுன்னா அவரைக் கேளுங்க."

எல்லோரும் ஆசாரியைப் பார்த்தார்கள். நான் மாமாவிடம் கெஞ்சியபோது ஆசாரியின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் ஊசியைப் பார்த்தார். பிறகு மாமாவின் கைகளைப் பார்த்தார். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார். "ஏங் கைதான் தவறிப்போச்சு."

"பெறகென்ன?" என்று அம்மா பெண்கள் பக்கம் திரும்பினாள். "கொலவை போடாம என்ன பாத்துக்கிட்டு நிக்கீக?" அவர்களுக்கு வாய் வருவதற்குள் அவளே முதல் குலவையைப் போட்டாள். அப்படி ஒரு குலவையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. முந்தானையால் மாமாவின் தாடையைத் துடைத்துவிட்டாள். பந்தியில் தாய்மாமனுக்கு முதல் இலை. அத்தனை ஆண்களும் வரிசையாக உட்கார்ந்து பார்த்திருக்க, அவள் அந்த இலைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறியைப் பிய்த்துப் பிய்த்துத் தம்பிக்கு ஊட்டினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியப்பா இலையில் கை வைக்கவில்லை. கோபமா மரியாதையா என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையுமில்லை.

ஆசாரியே ஒப்புக்கொண்டதால் நானும் அப்படித்தான் நம்பினேன். என் மேல் தப்பில்லை என்பதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. ஊரும் நம்பியது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் பலபேர் காது குத்துக்குச் சாத்தூரிலிருந்து வேறு ஆள் கூட்டிவந்தார்கள். ஆசாரி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கடலை பிடுங்குகிற காலம் வந்தால், வீட்டுக்கு அளப்பதற்கு முன்பு அம்மா ஒரு ஓலைப்பெட்டி நிறையத் தெறிப்பான கடலையாகப் பொறுக்கி எடுப்பாள். அது ஆசாரி வீட்டுக்கு. கொண்டுபோவது எப்போதும் நான்தான். ஆசாரி பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, என் இடது காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார். "ஒங்க மாமா நல்லாருக்காரா?" என்று கேட்பார்.

ஒரு வருஷம் பெட்டி அதிகமாகக் கனத்தது. "காதைக் கிழிச்ச ஆளுக்கு எதுக்கும்மா வருசா வருசம் கடலை?" என்று கேட்டேன்.

"ஏலே, கேள்வி கேக்காமக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாலே" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியப்பாவுக்கே பயப்படாத அம்மா இந்த ஆசாரிக்கு மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று யோசித்தபடியே, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.