தறிக்கு அடியில் ஒரு பூனை

விளக்கெண்ணெய்

மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையைக் கொண்டுவந்தால் இன்றைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அறுபதுகளின் கடைசியில், நான் காஞ்சிபுரத்தில் கம்பவுண்டராக இருந்தபோது, மாட்டோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலை அதைக் கவனிக்கவே இல்லை. மூங்கில் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். கூடவே அவர் மனைவி கண்ணம்மா.

"கம்பவுண்டர் சார், ஜரிகைக்கு நேத்துலேர்ந்து வெளிக்குப் போவலை. முக்கிக்கினே இருக்குது. வெளக்கெண்ண குடுத்தோம், அப்பவும் ஒண்ணும் ஆவலை" என்றார் ஏழுமலை.

ஜரிகை என்பது மஞ்சள் கோடு போட்ட ஆண் பூனை. அடிவயிற்றைத் தொட்டேன். எலுமிச்சம்பழம் போல ஓர் உருண்டை, விண்ணென்று இருந்தது. அது மூத்திரப்பை. அடைத்துக்கொண்டது மலம் இல்லை, மூத்திரம். முக்குவதைப் பார்த்தால் யாருக்கும் மலச்சிக்கல் என்றுதான் தோன்றும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டாக்டர் வாலாஜாபாத் பக்கம் தடுப்பூசி கேம்ப்புக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பசுவின் காம்பு அடைத்துக்கொண்டால் போடுகிற சைஃபன் என்ற தடித்த குழல் ஒன்று இருந்தது. அதைப் பூனைக்குக் காட்டுவதே பாவம்.

"பொழைக்குமா சார்?"

"டாக்டர் வரட்டும்பா" என்றேன். எங்கள் தொழிலில் 'தெரியாது' என்பதை மரியாதையாகச் சொல்வது அப்படித்தான்.

மணல்

டாக்டர் சாயங்கால பஸ்ஸில் வந்தார். "பூனையா?" என்று சலித்துக்கொண்டவர், வயிற்றில் கை வைத்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் பிடித்துக்கொள்ள, குறியின் நுனியை விரலால் மெதுவாக உருட்டினார். சுண்ணாம்பு போல ஏதோ பிதுங்கி வந்தது. பின்னாலேயே மூத்திரம், ரத்தம் கலந்து, என் சட்டை மேலெல்லாம் பீய்ச்சியது. டாக்டர் அந்தச் சுண்ணாம்பை விரலிடுக்கில் தேய்த்துக் காட்டினார். நறநறவென்றது.

"மணல் பாருய்யா. உடம்புல இருக்கிற உப்புதான் இப்படிப் படியுது. கருவாட்டை நிறுத்துங்க. தண்ணி நிறைய குடிக்கணும்."

"சரிங்க, சரிங்க" என்று இருவரும் தலையாட்டினார்கள். ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ரெண்டு நாள்கூட நிற்கவில்லை.

மறுபடி கூடை வந்தது. மறுபடி உருட்டி எடுத்தோம். அடுத்த முறை வந்தபோது எவ்வளவு உருட்டியும் ஒரு சொட்டு வரவில்லை. வாந்தி எடுத்தது. தலை தொங்கிவிட்டது. முதல் நாள் என் கையைக் கிழித்த பூனை, இப்போது கடிக்கக்கூட இல்லை. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வெளிய போக வேண்டிய விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுப்பா. இனிமே இம்சை பண்ண வேணாம். ஊசி போட்டுத் தூங்க வெச்சுடலாம்."

ஏழுமலை துண்டால் கூடையை மூடினார். "வூட்ல வந்து போடுங்க சார். அதுக்கு இந்த எடம்னாலே பயம்" என்றார்.

மருந்துப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு டாக்டர் பின்னால் போனேன். உயிர் காப்பாற்றத்தான் இந்த உத்தியோகம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு அந்தத் தெருவுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. ஏழுமலை வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

கதவு

தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றிருந்தது. தறிக்கு அடியில், பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில், ஏழுமலை தன் துண்டை விரித்து அதைக் கிடத்தினார். தடவிக்கொண்டே பேசினார்.

"பாவு நூல்ல கஞ்சி போட்டிருக்குது இல்ல சார், அந்த வாசனைக்கு எலி வந்து இழையைக் கடிச்சுப்புடும். இவன் வந்ததுலேர்ந்து ஒரு இழை போனதில்ல. தின்னுட்டு வந்தான்னா பகல், ராத்திரி இங்கதான். கதவைச் சாத்திக்குவோம்."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றப்போனவர் நிறுத்தினார். "தண்ணி எங்கப்பா வெப்பீங்க?"

"கொல்லையில சார்."

"கதவு சாத்தியிருந்தா?"

"தறி ரூம்ல தண்ணி வைக்கக் கூடாது சார். பட்டுல ஒரு சொட்டு வுழுந்தாலும் கறை. எங்களுக்கே தாகம் எடுத்தா எழுந்து வெளிய போயித்தான்..."

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். பாதியில் திரும்பிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

கண்ணம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "காலையில கொல்லையில தண்ணி காட்டினோம் சார். மோந்து பார்த்துட்டு வந்துடுச்சு. தாகமில்லன்னு வுட்டுட்டோமே."

"நான்தான் கொன்னுட்டேன்" என்று ஏழுமலை தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது பொய்யும் இல்லையே.

டாக்டர் ஊசியைப் பைக்குள் போட்டார். "நம்பிக்கை வெச்சுக்காதே ஏழுமலை. காரணம் தெரிஞ்சப்புறம் இதைப் போட எனக்குக் கை வரலை, அவ்வளவுதான்." என்னைப் பார்த்து, கண் டாக்டரிடம் போய், கண்ணீர்க்குழாய் அடைப்பெடுக்கும் முனை மழுங்கிய ஊசியை வாங்கிவரச் சொன்னார். கண் டாக்டரும் சிரித்தார். ஆனால் கொடுத்தார்.

எங்கள் டாக்டர் அந்த ஊசியின் மெல்லிய குழலை மூத்திரத் துவாரத்தில் நுழைத்து, உப்புத் தண்ணீரை மெல்ல மெல்லச் செலுத்தி, மணலை இளக்கிக் கழுவினார். காப்பித் தண்ணீர் நிறத்தில் மூத்திரம் சொட்டியது. தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். அப்புறம் இங்க் ஃபில்லரில் தண்ணீர். ஏழுமலை தறியை நிறுத்திவிட்டு, சொட்டுச் சொட்டாக அதன் கடைவாயில் விட்டுக்கொண்டிருந்தார். நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் செத்திருக்கும் என்று மனதைத் தயார்செய்துகொண்டுதான் அந்தத் தெருவில் திரும்புவேன். கண்ணம்மா என் முகத்தைப் பார்த்தே அதைத் தெரிந்துகொள்வார்.

ஒரு நாள் ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தார். வேட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. "மடியிலயே ஒண்ணுக்குப் போயிட்டான் சார், தானா" என்று அந்த ஈரத்தை விரித்துக் காட்டினார். முகம் முழுக்கக் கண்ணீர்.

இதை வைத்து என்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம். இதே அடைப்போடு பிறகு வந்த பூனைகளில் பிழைத்ததைவிடப் போனதுதான் அதிகம். ஜரிகைக்கும் அது திரும்ப வராது என்று டாக்டர் ஒருநாளும் சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. 'தண்ணீர் கொடு' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது, பூனை இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போய்க் குடிக்க முடியுமா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. குழி ஓரத்தில் ஒரு மண்கிண்ணம் நிறைய தண்ணீர். புடவைக் கரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

"இவன் தட்டி வுட்டுட்டான் சார்" என்றார் கண்ணம்மா. "பட்டு குடுத்த மொதலாளி இன்னா சொல்லப்போறாரோ."

ஏழுமலை இழை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு எழுந்தார். கதவைத் திறந்து கொல்லைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அதான் ரூம்லயே தண்ணி வந்தாச்சே, ஏம்பா எழுந்து போறே?" என்று கேட்டேன்.

"எனக்குக் கதவைத் தொறக்கத் தெரியும் சார்" என்றார்.