பச்சை மூடிக் குழாய்

மனசு தறிகெட்டு ஓடாமல் இருக்க நான் தினமும் லித்தியம் மாத்திரை போடுகிறேன். அதுவும் ஒருவகை உப்புதான் என்று டாக்டர் சொன்னபோது சிரித்துவிட்டேன். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்ப்பவனுக்கு மருந்தும் உப்பாகவே வாய்த்திருக்கிறது. அளத்தில் யாராவது கேட்டால் பிரஷர் மாத்திரை என்பேன். 'ஊர் வாயை மூட உலைமூடி ஏது' என்று என் மனைவியும் அதையே சொல்லி வைத்திருந்தாள்.

இந்த மருந்து ரத்தத்தில் கூடினால் விஷம், குறைந்தால் பழைய நோய் திரும்பிவிடும். அதனால் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். போன கோடையில் எங்கள் ஊர் லேப்பில் ரத்தம் கொடுக்கப் போனேன். அங்கே எடுத்து, தூத்துக்குடிக்கு பஸ்ஸில் அனுப்பித்தான் சோதிப்பார்கள். ஊசி போடுகிற பெண் பச்சை மூடிக் குழாயை எடுத்தாள்.

"எப்பவும் செவப்பு மூடிதானம்மா எடுப்பே?"

"செவப்புன்னா ரத்தம் உறையுத வரைக்கும் காத்துக் கெடக்கணும் அண்ணாச்சி. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கான், கேக்கலியா? இதுல உறையவே உறையாது, உடனே அனுப்பிரலாம்."

மறுநாள் ராத்திரி வந்த ரிப்போர்ட்டில் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரும்படி டாக்டர் போனில் சொன்னார். மனைவி மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். சாகத் துணிந்துவிட்டேனோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது.

"ரெண்டு மூணா சேத்துப் போட்டியளா? மறைக்காம சொல்லுங்க."

அவள் தம்பி வாசலிலேயே நின்றான். "புள்ளையள நெனைச்சுப் பாத்தியளா அத்தான்?"

நான் போடவில்லை. ஆனால் ஒருதரம் புத்தி பிசகியவன் சொல்லுக்கு என்ன விலை? எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. "ஆமா, மறந்துபோய் போட்டிருப்பேன்" என்று தலையைக் குனிந்துகொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பழகிப்போனால் குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கத்தான் செய்கிறது. மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடைசி பஸ் போய்விட்டதால் விடிந்ததும் மனைவியோடு கிளம்பினேன். தூத்துக்குடியில் டாக்டர் என்னைக் கை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

"கை நடுங்கல, தள்ளாடவும் இல்ல. இவ்வளவு ஏறியிருந்தா இவரால இப்படி நடந்து வர முடியாதே. ரத்தம் எடுத்த குழாய்க்கு என்ன கலர் மூடி?"

"பச்சை" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் உறையாமல் இருக்கப் பச்சை மூடிக் குழாய்க்குள் ஒரு மருந்து தடவியிருக்குமாம். அந்த மருந்தோடு லித்தியமும் சேர்ந்தே இருக்குமாம். குழாயில் இருந்ததையும் சேர்த்து மெஷின் என் கணக்கில் எழுதியிருக்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் திரும்ப எடுத்து, உறையும்வரை பொறுத்திருந்து பார்த்தார்கள். அளவு சரியாகவே இருந்தது. மாத்திரையை வழக்கம்போலத் தொடரச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில், உப்பளங்கள் தெரியத் தொடங்கியதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"போடலேல்லா? அப்புறம் ஏன் ஆமான்னிய? ராத்திரி முழுக்க உங்க மூச்சையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

ரிப்போர்ட் பொய் சொன்னதற்குக் குழாய் காரணம். நான் சொன்னதற்கு என்ன காரணம் சொல்வேன்?

வீட்டுக்கு வந்ததும் அரிசி ஒட்டிய டப்பாவை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். ஒன்றைப் போட்டுவிட்டு, அவள் கேட்காமலே, டப்பாவைத் திறந்து மிச்சத்தைக் காட்டினேன்.

"மூடுங்க" என்றாள்.