மஸூதா அக்காவின் அட்டைப்பெட்டிகள்

பழவேற்காட்டில் மூன்று வாரம் வீடு தேடி அலைந்தேன். எனக்கில்லை, லீனாவுக்கு. லீனா டென்மார்க்கிலிருந்து நம் ஏரி நண்டுகளை ஆராய வந்தவள். நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். நானோ ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வருகிறவள். மாதக் கடைசிக்குள் மூன்று வருட வாடகைப் பத்திரம் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை வேறு ஏரிக்கு மாற்றிவிடுவோம் என்று அவளுடைய பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. மாற்றினால் என் வேலையும் போச்சு.

நான் தனியாகப் போய்க் கேட்டால் ஏழாயிரம் என்பார்கள். லீனா பின்னால் வந்து நின்றால் அதே வீடு இருபத்தைந்தாயிரம். ஒருவர் குழாயில் தண்ணீரே வராத வீட்டுக்கு முப்பது சொன்னார். "இவங்களுக்கெல்லாம் தாங்கும்மா" என்று எனக்கு ஆறுதல் வேறு. இன்னொருவர் வாடகையை ஒழுங்காகச் சொன்னார். ஆனால் பதினோரு மாதத்தில் காலி செய்துவிட வேண்டுமாம், மகனுக்குக் கல்யாணமாம். மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். லீனா பாவமாகச் சிரித்துக்கொண்டு நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த எரிச்சலோடுதான் மஸூதா அக்கா வீட்டுப் படியேறினேன். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் அப்துல் ஹை கடைத்தெருவில் கயிறும் வலைநூலும் விற்கிறார். அதற்கு முன் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை. மகன் முஹ்சின் சென்னைக்குப் போன பிறகு மாடி சும்மா கிடந்தது.

அக்கா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "இதுவரிக்கும் எத்தினி வூடு மாறிக்கீறான்னு கேளும்மா" என்றார்.

கேட்டேன். லீனா நான்கு விரல் காட்டினாள்.

"நானு ஒம்போது. மஸ்கட்ல பதினாலு வருசத்துல ஒம்போது வூடு. பதினோராம் மாசம் வந்தாலே சாமானக் கட்ட ஆரம்பிச்சிடுவேன். ஒரு தபா, நான் சோறு வடிச்சிகினு இருக்கேன், அடுத்து வர்றவங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் ஏணியோட உள்ள வந்துட்டான். புள்ளைக்கு அம்மை போட்டிருக்குது. அந்தச் சோத்தக்கூடத் துன்ன வுடல."

பேசிக்கொண்டே பரணைக் காட்டினார். மிக்சி, டிவி, குக்கர், இஸ்திரிப்பெட்டி என்று எல்லாவற்றின் அட்டைப்பெட்டியும் மடித்து, நைலான் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்தது. எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று அந்த நாளில் வந்த பழக்கமாம். சொந்த வீட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது.

"வாடக ஏழாயிரம். கரண்டு தனி. மூணு வருசம் இருக்கட்டும்."

எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. லீனாவுக்கோ சந்தேகம்! மூன்று வாரத்தில் நம் ஊர் அவளை அப்படி ஆக்கிவிட்டது. கூரை ஒழுகுமா என்று மெதுவாக என்னிடம் கேட்டாள். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அதையும் தமிழில் சொன்னேன்.

"ஒழுகாது. ஏறிப் பாக்கச் சொல்லு" என்று அக்கா சிரித்தார். லீனா நிஜமாகவே ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? பொன்னேரியில் பத்திரம் எழுதுபவர் பழக்க தோஷத்தில் பதினோரு மாதம் என்று அடித்துக் கொடுத்துவிட்டார். திரும்பப் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் அதான்மா அடிப்போம். மூணு வருசம்னா ரிஜிஸ்டர் பண்ணணும். அப்புறம் நெனச்ச நேரத்துக்குக் காலி பண்ணச் சொல்ல முடியாது. ஓனர் ஒத்துக்குவாங்களா?" என்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முஹ்சின் போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மூணு வருசம் எழுதிக் குடுத்தா வூடு நம்ம கையில இருக்காதும்மா. அதுவும் வெள்ளக்காரி, இருபதாயிரமாவது கேளு!"

அக்கா போனை வைத்துவிட்டு, "யோசிச்சிச் சொல்றேம்மா" என்றார்.

நான்கு நாள் யோசித்தார். ஒரு போன் கிடையாது. மாதம் முடிய ஒரே நாள். இவரும் மற்றவர்களைப் போலத்தான், சோற்றுக்கதை சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று பஸ்ஸில் வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் போன் வந்தது.

"எங்கம்மா கீறே? பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அவளக் கூட்டிகினு வா. காலையிலேர்ந்து டோக்கன் போட்டு உக்காந்துகினு கீறோம்."

அப்துல் ஹை பக்கத்தில் பத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். மூன்று வருடம், ஏழாயிரம். பஸ்ஸில் திட்டியதை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

"பயமாத்தான் கீது" என்றார் அக்கா. "நாலு நாளா தூக்கமே இல்ல. ஆனா அந்தப் பதினோராம் மாசத்த இன்னொருத்திக்கு நான் குடுக்க மாட்டேன்."

லீனா குடிவந்த வாரம், அவள் வாங்கிய அடுப்பு, ஃபேன் பெட்டிகளையெல்லாம் அக்காவே மாடியிலிருந்து இறக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். "ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று லீனாவிடம் தமிழிலேயே கேட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பேப்பர்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "பரண்ல கீறதையும் எடுத்துக்கவாம்மா?" என்றார்.

"அதத் தொடாதே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இது ஒங்க சொந்த வூடுக்கா. யாரு வந்து போகச் சொல்லப் போறாங்க?"

"தெரியும்மா" என்றார். முக்காலி போட்டு ஏறி, தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டினார்.